சுவரைத் தட்டிப் பார்த்த அப்பா

எந்தச் சுவரைப் பார்த்தாலும் அப்பா முதலில் விரல் முட்டியால் தட்டுவார். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் காரை உள்ளே விட்டுப்போயிருக்கிறது, நாளைக்கோ மறுநாளோ உதிரும். அடுத்து உள்ளங்கையை வைத்து ஒரு தேய். கையில் வெள்ளை மாவு ஒட்டினால் பழைய சுண்ணாம்பை இன்னும் சுரண்ட வேண்டும். கடைசியாகக் குனிந்து அடிச்சுவரைப் பார்ப்பார். ஓதம் ஏறியிருக்கிறதா, உப்பு பூத்திருக்கிறதா. இவ்வளவும் முடிந்த பிறகுதான் கூலி பேசுவார்.

2020 பிப்ரவரியில் சென்னை கண்ணகி நகரில் நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றின் அடியில் நின்றுகொண்டு அதையேதான் செய்தார். மேலே சுவரோவியம் வரைய, ஆளைத் தூக்கிப் பிடிக்கும் பூம் லிஃப்டில் ஒருவர் ஸ்ப்ரே கேனோடு தொங்கிக்கொண்டிருக்க, கீழே இவர் சுவரைத் தட்டுகிறார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அப்பா திருவண்ணாமலைப் பக்கம் முப்பது வருஷம் சுவர் எழுதியவர். சிமென்ட், உரம், பனியன், வெறிநாய்க்கடி மருத்துவம், எல்லாக் கட்சியும். ஒரே சுவரில் இந்தப் பாதி ஒரு கட்சிக்கும் அந்தப் பாதி எதிர்க்கட்சிக்கும் எழுதி, இரண்டு பக்கமும் காசு வாங்கியவர். தேர்தலுக்கு ஆறு மாசம் இருக்கும்போதே வெள்ளை அடித்து, மூலையில் கட்சிப் பெயரைப் போட்டு இடம் பிடித்து வைப்பதற்குத் தனிக் கூலி. வாழ்நாளில் அதிகம் எழுதிய வாக்கியம் எது என்று ஒருமுறை கேட்டேன். யோசிக்கவே இல்லை. "நோட்டீஸ் ஒட்டாதீர்."

நானும் பள்ளிக்கூட லீவில் கூடப் போயிருக்கிறேன். நீலப்பொடி தோய்த்த நூலின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவர் பிடித்து நடுவில் சுண்டினால் சுவரில் நேராக ஒரு நீலக்கோடு விழும். அந்த 'டப்' சத்தத்துக்காகவே போவேன். பொடி வண்ணத்தில் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி ஊற்றும் நாற்றம் மட்டும் இன்னும் மூக்கில் இருக்கிறது. அதைக் காய்ச்சும் நாளில் அம்மா எங்களை வீட்டுக்குள் விடமாட்டார்.

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆயிரம் சதுர அடியை ஒரு ராத்திரியில் மெஷின் துப்பிவிடும். நான் இப்போது துரைப்பாக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறேன். அவர் தொழிலை முடித்து வைத்த மெஷின்தான் எனக்குச் சோறு போடுகிறது. இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை. கல்யாண பேனரில் நான் எழுத்தை நெருக்கி வைத்திருந்தால் மட்டும், "மூச்சு விட எடம் குடுடா" என்பார்.

நடுவில் 2009 வாக்கில் ஒரு சின்ன திருப்பம். போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் தமிழர் பண்பாட்டுப் படங்கள் வரையச் சொன்னது. ஃப்ளெக்ஸால் வேலை இழந்த சினிமா பேனர் ஆட்கள் பலருக்கும் அதில் கொஞ்ச நாள் தூரிகை கிடைத்தது. அப்பாவும் கூட்டாளி ஒருவர் கூப்பிட்டு வந்து ஒரு கோயில் கோபுரமும் ஒன்றரை மயிலும் வரைந்தார். மீதி அரை மயில் அடுத்த ஆளுடைய பங்கு. சதுர அடிக் கணக்கு அப்படி.

இனி கண்ணகி நகர்.

சென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காக. 2000ஆம் ஆண்டிலிருந்து கூவக்கரையிலும் மற்ற இடங்களிலும் குடிசை போட்டிருந்தவர்களை அகற்றிக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம். கண்ணகி நகரில் மட்டும் 15,656 வீடுகள், பக்கத்து எழில் நகரையும் சேர்த்தால் 23,704. ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் இருநூறு சதுர அடிகூடக் கிடையாது. ஐடி கம்பெனிக் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் அந்தக் கம்பெனிகளில் கூட்டிப் பெருக்கப் போகும் வேலைக்குக்கூட முகவரியைப் பார்த்து யோசிப்பார்கள். ஒருமுறை எங்கள் கடைக்கு வந்த பையனின் விண்ணப்பத்தில் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் இருந்தது. பின்கோடை வைத்துத் துருவினால் கண்ணகி நகர். ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "எழுதுனா கூப்பிட மாட்டாங்கண்ணா" என்றான்.

இந்த இடத்துக்குத்தான் 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா என்ற தெருக்கலைக் குழு வந்தது. ஏசியன் பெயின்ட்ஸ் கூட்டு, மாநகராட்சியின் ஆதரவு. ஒரு டஜனுக்கு மேல் குடியிருப்புச் சுவர்கள், உள்ளூர் ஓவியர்களும் வெளிநாட்டு ஓவியர்களும். சென்னை ஓவியர் ஏ-கில் அங்கே வாழும் குழந்தைகளின் முகங்களையே ஒரு சுவர் முழுக்க வரைந்தார். எங்கள் திருவண்ணாமலைப் பெண் ஓஷீன் சிவாவும் ஒரு சுவர் செய்தார். இதைச் சொன்னபோது அப்பா, "நம்ம ஊரா? எந்தத் தெரு?" என்றார். எந்தத் தெருவென்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் போன அன்று ஒரு சுவரில் படம் இன்னும் தொடங்கவில்லை. அடிவண்ணம் அடித்த சுவர் முழுக்கக் கோணல்மாணலாக வளையம், பெருக்கல் குறி, கொக்கி, எழுத்து என்று கிறுக்கல். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "என்னடா இது, நல்ல சுவர இப்படி அசிங்கம் பண்ணி வெச்சிருக்கான்?" பக்கத்தில் நின்ற உதவியாளர் பையன் சிரித்துக்கொண்டே போனைக் காட்டினான். கிறுக்கிய சுவரைப் படம் எடுத்து, அதன் மேல் வரைய வேண்டிய ஓவியத்தை மெல்லிசாகப் படிய வைத்திருந்தான். மூக்கு நுனி அந்த மூன்றாவது கொக்கிக்குப் பக்கத்தில், காது இந்த வளையத்துக்குள் என்று பார்த்துப் பார்த்துப் போடுவார்களாம். நூல் வேண்டாம், அளவுகோல் வேண்டாம், கட்டமும் வேண்டாம்.

அப்பா அந்தப் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். கிறுக்கலுக்கும் ஓவியத்துக்கும் மாறி மாறிக் கண் போனது. "கட்டம்தான்டா" என்றார் கடைசியில். "கோணலா போட்ட கட்டம்." அப்புறம் குரலைத் தணித்து, "இது தெரிஞ்சிருந்தா ரெண்டு நாள் வேலய அரை நாள்ல முடிச்சிருப்பேன்" என்றார்.

ஏ-கில்லின் முகங்களுக்கு அடியில் போய் நின்றபோது வேறு மாதிரி பாடம் நடந்தது. கிட்டே நின்றால் கன்னம் கன்னமாக இல்லை. பழுப்பு, ஆரஞ்சு, ஊதா என்று பனி மாதிரித் திட்டுகள். ஸ்ப்ரேயில் ஓரம் தானாக மங்கிவிடுகிறது, தூரிகையில் அதற்கு ஈரம் காய்வதற்குள் இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். அப்பா பின்பக்கமாகவே நடந்துகொண்டு போனார், ஒரு டீக்கடை பெஞ்சு காலில் இடிக்கும்வரை. அங்கிருந்து பார்த்தால் பல் தெரியச் சிரிக்கிறது பிள்ளை. "கிட்ட வந்து பாக்கறவனுக்கு இவன் வரையல. தெரிஞ்சவன்." கட்-அவுட் ஆட்களைத் தவிர வேறு யாரையும் அவர் 'தெரிஞ்சவன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

டீக்கடை அக்காவிடம் இதெல்லாம் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு தம்பி. வெளிய பெயின்ட்டு அடிச்சாங்க, உள்ள எங்க பாத்ரூம் ஒழுவுது. அதையும் எவனாவது வந்து ஒரு படம் போட்டா நிக்கும்னா போடச் சொல்லு." அப்பா டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார். அவர் தட்டிப் பார்த்ததில் அந்தச் சுவரும் ரெண்டு இடத்தில் பொத்தென்றுதான் கேட்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் ஒன்று கேட்டார். "பெயின்ட் கம்பெனி காசு குடுக்குதுன்னா இதுவும் சுவர் விளம்பரம்தானே? கம்பெனி பேரு எங்க?" கலை வேறு, விளம்பரம் வேறு என்று ஏதோ சொன்னேன். எனக்கே அது ஒட்டவில்லை. அவருக்கு இதில் கோபமும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. பேரைச் சின்னதாகப் போட்டுக்கொள்ளும் கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறார், அவ்வளவுதான். மறு மாதம் ஊரடங்கு வந்துவிட்டது. புதிதாக வண்ணம் பூசிய சுவர்களைப் பார்க்க வெளியார் யாரும் இல்லாமல், உள்ளே இருந்தவர்கள் வெளியே போகவும் முடியாமல் அந்த வருஷம் போனது.

அதன் பிறகு எனக்கு இந்தக் குழுவின் மேல் ஒரு கண். 2021இல் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் முகப்பு முழுக்க ஏ-கில்லும் கத்ரா என்ற ஓவியரும் சேர்ந்து முகங்களாக வரைந்தார்கள். எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காகச் செய்தது. அந்த முகங்களில் சிலர் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்கள், மற்றவர்கள் அப்படி இல்லாதவர்கள். யார் எவர் என்று எழுதியிருக்காது. பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, விஷயமே அதுதான். நான் பைக்கில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் முதல் சில மாதம் அந்த முகங்களில் தேடியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. இப்போது தேடுவதில்லை. கண்ணகி நகரைவிட எனக்கு இந்தச் சுவர்தான் பெரிய வேலை. கண்ணகி நகரில் சுவர் அழகானது. இங்கே சுவர் என்னைப் பிடித்து நிறுத்தி ஒன்று கேட்டது.

2023இல் பிரிண்டிங் மெஷின் கண்காட்சிக்காக முதலாளி என்னை டெல்லிக்கு அனுப்பினார். மெஷினைப் பார்த்தது ஒரு நாள், மீதி ஒரு நாள் லோதி காலனி. வெள்ளைக்காரன் காலத்தின் கடைசியில், 1940களில் கட்டிய அரசு ஊழியர் குடியிருப்பு அது. கன்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் நடுவில் தெரு தெருவாக ஒரே மாதிரி உயரமான சுவர், நடுவில் வளைவு வாசல். ஐம்பதுக்கும் மேல் ஓவியங்கள். வரைய வைத்தது அதே ஸ்டார்ட் இந்தியாக் குழு. 2014இல் டெல்லியின் ஷாபூர் ஜாட்டில் தங்கள் முதல் விழாவை நடத்தியவர்கள் இவர்கள். அந்த வருஷமே டெல்லி ஐ.டி.ஓ. பகுதியில் அப்போதைய போலீஸ் தலைமையகத்துச் சுவரில் ஏறக்குறைய 150 அடிக்குக் காந்தி எழுந்தார். ஜெர்மனியின் ஹென்ட்ரிக் பைகிர்ச்சும் நம் நாட்டு அன்பு வர்க்கியும் சேர்ந்து வரைந்தது. போலீஸ்காரன் சுவரில் அனுமதியோடு ஏறி வரைவது என்பதை அப்பாவிடம் சொன்னபோது நம்பவில்லை. ராத்திரி சுவர் எழுதும்போது போலீஸ் வண்டி வந்தால் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடியவர் அவர்.

லோதி காலனியில் நடப்பது சுகம். வேப்பமரம், அகலமான தெரு, காரில் வந்து இறங்கிப் படம் எடுக்கும் கூட்டம், கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கும் ஜோடிகள். சுவர் திடமானது, மரநிழல் இருக்கிறது. எதிரில் நின்று பார்க்க இடமும் தாராளம். கண்ணகி நகரில் பின்னால் நகர்ந்தால் டீக்கடை பெஞ்சு இடிக்கும். இரண்டையும் ஒரே மாதிரி 'கலை மாவட்டம்' என்கிறார்கள்.

டாக்கு என்ற பெயரில் முகம் காட்டாமல் வேலை செய்த ஒருவர் அந்தக் காலனியில் செய்ததை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகள். வண்ணமே கிடையாது. வெயில் அடித்தால் நிழல் சுவரில் விழும், அந்த நிழல்தான் வார்த்தை. காலையில் சாய்ந்து கிடக்கும், வெயில் ஏற ஏற நேராகும், சாயங்காலம் இல்லாமல் போகும். மங்கிப்போகும் வண்ணத்தைப் பற்றிக் கவலைப்படும் எங்கள் வம்சத்துக்கு இது பெரிய குறும்பாகப் பட்டது.

ஸ்டார்ட் இந்தியாக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஹனீஃப் குரேஷி. குஜராத்தின் சின்ன ஊரிலிருந்து பரோடாவில் ஓவியம் படித்து, விளம்பரத் துறைக்குப் போனவர். 2024 செப்டம்பரில், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, புற்றுநோயில் இறந்துவிட்டார். அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது. தெருவோவிய விழாக்களுக்கு முன்பே அவர் சைன்போர்டு பெயிண்டர்களைத் தேடிப் போயிருக்கிறார். ஒரு துணியில் 'ஏ'யிலிருந்து 'இசட்' வரை அவர்கள் பாணியிலேயே எழுத வைத்து, ஷேடு, கோடு, நிழல் எல்லாவற்றோடும் கணினி எழுத்துருவாக மாற்றி, பெயிண்டரின் பெயரையே எழுத்துருவுக்கு வைத்து வெளியிட்டார். பெயிண்டர் கஃபீல் என்று ஒன்று இருக்கிறது. எழுத்து விற்றால் பெயிண்டருக்கும் பங்கு.

கடையில் உட்கார்ந்து அந்தக் கஃபீல் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்தைச் சுற்றி ஓரம், கீழே நிழல். எங்கள் அப்பாவின் பனியன் விளம்பரம்! பார்த்தே இராத இரண்டு பேர், ஒரே வளைவு. நான் தினம் ஃப்ளெக்ஸில் போடும் எழுத்துருக்களை யார் எழுதினார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அன்று ராத்திரியே அப்பாவிடம் சொன்னேன். தமிழில் எழுதித் தாங்க, நான் எழுத்துருவாக்குகிறேன், முதலில் சும்மா ஒரு முப்பது பக்கத்துக்கு ஜெராக்ஸ் புத்தகமாகவாவது போடுவோம். "எத்தன எழுத்து?" என்றார். 247 என்றேன். ஆங்கிலத்துக்கு எத்தனை என்று கேட்டார். சொன்னதும், "அவன் தப்பிச்சான்" என்றார்.

உட்கார்ந்த பிறகு எதிர்பாராத சிக்கல்கள். 'ங' வரிசையில் அவர் வாழ்நாளில் எழுதியது 'ங்' ஒன்றுதான். 'ஙூ', 'ஙௌ' எல்லாம் எந்தக் கடைக்காரனும் கேட்டதில்லை. "இது எதுக்குடா இருக்கு?" என்று உண்மையாகவே கோபப்பட்டார். அப்புறம் 'லை'. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் எழுத்துக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி போட்டுத்தான் 'லை', 'ணை', 'னை' எழுதுவார்கள். அப்பா தொழில் கற்றது அந்த எழுத்தில். அரசாணை வந்ததும் முதலில் பாதிப் பேர் மாறவில்லை, இவரும் மாறவில்லை. ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் பெயர்ப்பலகையைத் திருப்பி அனுப்பி, புதுசு போட்டுத் தரச் சொன்ன பிறகுதான் மாறினாராம். அந்தப் பலகைக்குக் கூலி வரவில்லை. இப்போது துணியில் எழுதும்போது அவர் கை தும்பிக்கைக்குத்தான் போகிறது. அதையும் வைத்துக்கொள்ளலாம், மாற்று எழுத்தாகச் சேர்க்கலாம் என்றேன். அன்றைக்கு ரெண்டு 'லை'க்குப் பதில் ஒன்பது 'லை' எழுதினார்.

இந்தப் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கண்ணகி நகருக்குப் போனோம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது, வண்ணத்தைப் புதுக் கண்ணில் பார்க்க வேண்டுமாம். ஆறு வருஷ வெயில். சிவப்புதான் முதலில் சாகும், எப்போதும் அப்படித்தான். சில சுவர்களில் கழிவுநீர்க் குழாய் ஓரமாகப் பச்சைப் பாசி இறங்கியிருந்தது. ஒரு இடத்தில் புதுக் குழாய் படத்தின் குறுக்கே போயிருந்தது. துணி காய்கிறது, கேபிள் தொங்குகிறது, டிஷ் ஆன்டெனா முளைத்திருக்கிறது. படங்கள் கெட்டுவிட்டன என்று எனக்குத் தோன்றவில்லை. ஊருக்குள் இறங்கிவிட்டன என்றுதான் தோன்றியது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "மூணு வருஷத்துக்கு ஒரு தரம் கை வெக்கணும். அதுக்குக் காசு ஒதுக்காம என்ன படம்?" அவர் காலத்தில் கட்சிக்காரர்கள்கூட வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள்.

உணவு டெலிவரிப் பையன் ஒருவன் போனில் வழி கேட்டுக்கொண்டிருந்தான். "சிரிக்கிற புள்ளைங்க பில்டிங் தாண்டி லெஃப்ட்டா அக்கா?" ஒரே அச்சில் வார்த்த கட்டட வரிசையில் ஒரு சுவருக்காவது பெயர் வந்திருக்கிறது.

ஆனால் கண்ணகி நகர் என்ற பெயருக்கு வெளியில் மரியாதை வாங்கித் தந்தது ஓவியம் இல்லை. கபடி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய கார்த்திகாவை நாடே 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றுதான் கூப்பிட்டது. முகவரியை மறைத்த அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் எங்கள் கடைக்கு அவர் படம் போட்ட ஃப்ளெக்ஸ் ஆர்டர்கள் வந்தன. 'கண்ணகி நகர்' என்பதை மற்ற எழுத்தைவிடப் பெரிதாகப் போடச் சொன்னார்கள். மூச்சு விட இடம் விட்டுப் போட்டேன்.

புத்தகம் இன்னும் முடியவில்லை. 247இல் இருநூறு தாண்டிவிட்டோம். 'ழ'வில் நின்றுகொண்டிருக்கிறது. கீழ்ச்சுழி சரியாக வரவில்லை என்று நாலு துணி கிழித்தாயிற்று. பழைய எட்டாம் நம்பர் பிளாட் பிரஷ் இருந்தால் வரும் என்கிறார். பாரிமுனையில் மூன்று கடை ஏறி இறங்கினேன், எல்லாம் நைலான் மயிர். வாங்கி வந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். பிறகு முன்வாசல் காம்பவுண்டுச் சுவருக்குப் போய், விரல் முட்டியால் ரெண்டு தட்டுத் தட்டினார்.

"துணி சரிப்படாது. சுண்ணாம்பு எவ்ளோ விக்குது இப்ப?"